அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் வயிறு: அது நோன்பு அல்ல!

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததும் நம் வீடுகளில் துஆவும் தொடங்கிவிடும், பட்டினியும் தொடங்கிவிடும். "நாளைக்கு ஆபரேஷன், வயிறு வெறுமையாக இருக்கணும்" என்று மருத்துவமனையில் சொன்ன ஒரு வரியை வைத்துக்கொண்டு முந்தைய நாள் மதியத்திலிருந்தே சோற்றை நிறுத்திவிடுவோரும் உண்டு. "எப்படியும் பட்டினிதானே, நோன்பாகவே நிய்யத் வைத்துக்கொள்வோம்" என்போரும் உண்டு. இன்னொரு பக்கம், "அத்தா பசி தாங்க மாட்டார், ஒரு வாய் பால் டீதானே" என்று யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிடும் பாசமும் உண்டு.

எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்யப்படுபவைதான். ஆனால் அறுவை சிகிச்சைக்கு முந்தைய வெறும் வயிறு ஒரு வணக்கம் அல்ல. அது ஒரு மருத்துவ ஏற்பாடு. அதற்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. அந்தக் கடிகாரத்தைவிடக் குறைத்தாலும் ஆபத்து, கூட்டினாலும் நோயாளிக்குக் கெடுதி. கொடைக்கானல், பழனி மலைப்பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு மலைப்பாதைப் பயண நேரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. எனவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வயிறு ஏன் வெறுமையாக இருக்க வேண்டும்?

நாம் விழித்திருக்கும்போது உணவோ தண்ணீரோ தவறி மூச்சுக்குழல் பக்கம் போனால் உடனே புரையேறி இருமுகிறோம். அந்த இருமல் அல்லாஹ் நமக்கு அளித்திருக்கும் ஒரு காவல். முழு மயக்க மருந்து கொடுத்ததும் அந்தக் காவல் உறங்கிவிடும். இரைப்பையின் மேல்வாயை இறுக்கி வைத்திருக்கும் தசையும் தளர்ந்துவிடும். அப்போது வயிற்றில் உணவு இருந்தால், அது அமிலத்தோடு மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். மூச்சு அடைக்கலாம். கடுமையான நிமோனியா வரலாம். உயிரே போகலாம்.

1946-ல் நியூயார்க்கைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் கர்டிஸ் மெண்டல்சன் இதைத் தெளிவாக எழுதி வைத்தார். ஒரே மருத்துவமனையின் 44,016 பிரசவங்களை ஆராய்ந்ததில், மயக்கத்தின்போது 66 பெண்களுக்கு வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. இருவர் இறந்தனர். அந்த இருவரின் மூச்சையும் அடைத்தது திட உணவு. அதன் பிறகுதான் "நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் கூடாது" என்ற கட்டளை உலகம் முழுவதும் பரவியது.

ஆனால் தண்ணீரும் சோறும் வயிற்றில் ஒரே அளவு நேரம் தங்குவதில்லை. பச்சைத் தண்ணீர் மிக வேகமாக இரைப்பையைக் கடந்துவிடும். கொழுப்புள்ள இறைச்சி பல மணி நேரம் தங்கும். இது மெண்டல்சனுக்கும் முன்பே தெரிந்த செய்திதான். அறுவை மருத்துவ முன்னோடி ஜோசப் லிஸ்டர் 1883-லேயே, மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் திட உணவு இருக்கக் கூடாது, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு முன் ஒரு கோப்பைத் தேநீர் கொடுப்பது நல்லது என்று எழுதியிருக்கிறார். இடையில் மறந்துபோன அந்த வேறுபாட்டை 1999-ல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் மீண்டும் நிலைநிறுத்தியது. இன்று பெரும்பாலான நாடுகள் அதை ஒட்டியே நடக்கின்றன.

கடிகாரம் எப்படி?

மயக்கம் கொடுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

பிரியாணி, பரோட்டா, பொரித்தது, இறைச்சி போன்ற கனமான உணவு: 8 மணி நேரம்.

இட்லி, இடியாப்பம், ரொட்டி போன்ற இலேசான உணவு: 6 மணி நேரம்.

பால், பால் டீ, பால் காப்பி, குழந்தைகளுக்கான பால் மாவு: 6 மணி நேரம்.

தாய்ப்பால்: 4 மணி நேரம்.

தண்ணீர், பால் சேர்க்காத கட்டன் டீ, கடுங்காப்பி, சக்கை இல்லாத தெளிந்த பழச்சாறு: 2 மணி நேரம்.

இதில் நம் சமையலறையில் குழப்பம் வரும் சில இடங்கள் உண்டு. பால் டீ பார்ப்பதற்குத்தான் பானம். வயிற்றுக்குள் போனால் அது உணவின் கணக்கில் வரும். நோன்புக் கஞ்சி பானமே அல்ல, முழு உணவு. சோறு வடித்த கஞ்சித் தண்ணீரும் தெளிந்த பானம் ஆகாது. நன்னாரி சர்பத்தை வெறுமனே தண்ணீரில் கலந்தால் ஒரு கணக்கு, சப்ஜா விதை போட்டால் வேறு கணக்கு. கடற்பாசி வாயில் கரைந்தாலும் திட உணவுதான். ஸம்ஸம் தண்ணீரும் மற்ற தண்ணீரைப் போன்றதே. அனுமதித்த நேரத்துக்குள் பருகலாம். அதன் பிறகு, "பரக்கத்துக்காக ஒரு வாய்" என்றும் கொடுக்கக் கூடாது.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. கர்ப்பிணிகள், நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்கள், குடல் அடைப்பு உள்ளவர்கள், நெடுநாள் சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு வயிறு மெதுவாகக் காலியாகலாம். எடை குறைப்புக்கும் சர்க்கரைக்கும் வாரம் ஒருமுறை போடும் சில ஊசிகளும் வயிற்றை மந்தப்படுத்தும். அவசர அறுவை சிகிச்சைக்கு வேறு வழிமுறை உண்டு. ஆகவே மயக்க மருத்துவர் சொல்லும் நேரமே முடிவானது. அதைத் தெளிவாகக் கேட்டு வாங்குவதற்கு இந்தக் கணக்கு உதவும்.

பட்டினி கூடினால் என்ன?

"கொஞ்சம் கூடப் பட்டினி இருந்தால் நல்லதுதானே" என்று தோன்றும். அப்படி இல்லை. ஓர் இரவு முழுவதும் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து பெருமளவு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு உடல் தன் தசையையே கரைத்துச் சக்தி எடுக்கத் தொடங்கும். அறுவை சிகிச்சை என்பதே உடலுக்கு ஒரு பெரிய அதிர்ச்சி. அந்த நேரத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் இரத்தச் சர்க்கரை ஏறும். நீண்ட பட்டினி அதை இன்னும் மோசமாக்கும். தண்ணீர் குடிக்காவிட்டால் நரம்பு கிடைக்காமல் ஊசி போடச் சிரமம், மயக்கம் கொடுத்ததும் இரத்த அழுத்தம் சரிவது, தலைவலி எல்லாம் வரலாம். முதியவர்கள் குழம்பிப் போவார்கள். குழந்தைகள் அழுது சோர்வார்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990-களில் ஒரு கேள்வியை எழுப்பினார். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்த பிறகும் நோயாளி ஏன் இத்தனை நாள் படுக்கையில் கிடக்கிறார் என்பதே அது. அதற்கு விடை தேடியதில் பிறந்ததுதான் 'விரைந்து தேறும்' சிகிச்சை முறை. முன்கூட்டியே சத்துணவு, தேவையற்ற பட்டினியைத் தவிர்த்தல், வலியைக் கட்டுப்படுத்துதல், சீக்கிரம் எழுந்து நடத்தல், சீக்கிரம் உண்ணத் தொடங்குதல் ஆகியவை அதன் அடிப்படைகள். சில மருத்துவமனைகளில் பெரிய அறுவை சிகிச்சைக்கு இரண்டு மணி நேரம் முன்பு, சுமார் 50 கிராம் மாவுச்சத்து கரைத்த 400 மில்லி தெளிந்த பானம் கொடுக்கிறார்கள். தாகமும் பசியும் குறைகின்றன, இன்சுலின் ஓரளவு சீராக வேலை செய்கிறது. ஆனால் சர்க்கரை நோயாளிகள் இதை வீட்டில் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது.

மலையிலிருந்து இறங்குபவர்களின் கணக்கு

கொடைக்கானல் ஊருக்குள் அரசு மருத்துவமனையும் பழைமையான வான் ஆலன் மருத்துவமனையும் இருக்கின்றன. ஆனாலும் பெரிய அறுவை சிகிச்சை என்றால் திண்டுக்கல்லுக்கோ, தேனிக்கோ, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ இறங்க வேண்டிய நிலை பலருக்கும் வருகிறது. கொடைக்கானலில் இருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் பக்கம் என்றால் அதற்கு முன்பே ஒரு மலைப்பாதை இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மன்னவனூர்ப் பெரியவர் ஒருவரிடம், "காலை 8 மணிக்கு வெறும் வயிற்றோடு மதுரைக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்கிறார்கள். அவர் மாலை 7 மணிக்கே சாப்பிட்டுவிட்டு, இரவு 2 மணிக்கு வண்டி ஏறுகிறார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வேறு. காலையில் போய்ச் சேர்ந்தால் அவர் பெயர் பட்டியலில் மூன்றாவது. மதியம் 1 மணிக்குத்தான் அறைக்குள் கொண்டு போகிறார்கள். 18 மணி நேரம் சோறில்லை, தண்ணீருமில்லை. ஆனால் 1 மணிதான் நேரம் என்று தெரிந்திருந்து மருத்துவரும் அனுமதித்திருந்தால், 11 மணி வரை அவர் தண்ணீர் குடித்திருக்கலாம்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. முடிந்தால் முந்தைய நாள் பகலிலேயே கீழே இறங்கிவிடுங்கள். மருத்துவமனையிலோ, வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரையில் உள்ள உறவினர் வீட்டிலோ தங்குங்கள். உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த இரவு விருந்து வேண்டாம். பிரியாணிக்குப் பதில் இடியாப்பமோ இட்லியோ போதும். உங்கள் பிரியாணியை நோயாளி தேறி வந்த பிறகு சாப்பிடுவார், இன்ஷா அல்லாஹ். கிளம்புமுன் மருத்துவமனையை அழைத்து, "பட்டியலில் எத்தனையாவது? கடைசி உணவு எத்தனை மணிக்கு? தண்ணீர் எத்தனை மணி வரை?" என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் தள்ளிப்போனால் "இப்போது தண்ணீர் கொடுக்கலாமா?" என்று செவிலியரிடம் மீண்டும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். குளிப்பு கடமையானபோது தயம்மும் செய்யலாமா என்று தோழர்களிடம் கேட்டார். அவர்கள் முழுமையாக அறியாமலேயே சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. நோயாளியின் விஷயத்தில் அறியாமல் கடுமை காட்டுவது பேணுதல் ஆகாது என்பதற்கு இது பெரும் பாடம்.

நோன்பும் மருத்துவப் பட்டினியும்

இவை இரண்டும் ஏன் ஒன்றாக முடியாது? ஸஹரை 5 மணியளவில் முடித்தவருக்குக் காலை 8 மணிக்கு அறுவை சிகிச்சை என்றால், 6 மணி நேர இடைவெளியே இல்லை. வயிறு நிறைந்திருக்கும். மதியம் 1 மணிக்கு என்றால், 11 மணி வரை குடிக்க வேண்டிய தண்ணீரை அவர் நோன்பின் காரணமாக விட்டுவிடுவார். எப்படிப் பார்த்தாலும் இரு கடிகாரங்களும் முட்டிக்கொள்கின்றன.

இன்னொரு வேறுபாடு மிக முக்கியம். நோன்பாளி மறந்து சாப்பிட்டால் அவர் நோன்பு முறியாது, அல்லாஹ்வே அவருக்கு உணவளித்தான் என்று நபிமொழி நமக்கு ஆறுதல் தருகிறது. மருத்துவப் பட்டினியில் அந்தச் சலுகை இல்லை. மறந்து ஒரு பிஸ்கட் தின்றிருந்தாலும் வயிறு அதை மறக்காது. ஆகவே மறந்தோ தெரிந்தோ எதைச் சாப்பிட்டிருந்தாலும் மயக்கம் கொடுக்குமுன் சொல்லிவிட வேண்டும். அதிகம் போனால் நேரம் தள்ளிப்போகும். மறைத்தால் உயிருக்கே ஆபத்து. பாசத்தில் டீ கொடுத்தவர்களும் இதை மறைக்கக் கூடாது.

ரமளானில் அறுவை சிகிச்சை வந்தால் மனம் கலங்க வேண்டாம். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பை விட்டு வேறு நாட்களில் களாச் செய்யும் அனுமதியை அல்லாஹ்வே சூரா அல்பகராவின் 184, 185 ஆம் வசனங்களில் அளித்திருக்கிறான். மதுரைக்கு இறங்குபவர் நோயாளி மட்டுமல்ல, அறிஞர்கள் பலர் கூறும் பயணத் தொலைவைக் கடந்த பயணியும்கூட. தேறிய பிறகு களா. தேறும் நம்பிக்கை இல்லாத நெடுநாள் நோய் என்றால் ஃபித்யா. நஃபில் நோன்பையும் நேர்ச்சை நோன்பையும் உடல் தேறிய பிறகு நிறைவேற்றிக்கொள்ளலாம். தனிப்பட்ட நிலைக்கு உங்கள் ஜமாஅத்தின் ஆலிமிடம் கேளுங்கள். தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சை என்றால் தேதியைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். தள்ளக் கூடாது என்று அவர் சொன்னால் தள்ளாதீர்கள்.

பட்டினிக்கு முந்தைய வாரங்கள்

உண்மையில் நோயாளி தேறுவதற்கு அந்த ஆறு மணி நேரத்தைவிட, அதற்கு முந்தைய மூன்று நான்கு வாரங்கள் அதிகம் உதவும். பத்து நாள் முன்பே பாதிச் சாப்பாடு என்று ஒடுங்குவது தவறு. காயம் ஆறுவதற்கு உடல் கேட்பது புரதம். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் என்பது அறுவை சிகிச்சை நோயாளிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு தம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவே. 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். ஆகவே கஞ்சியும் ரொட்டியும் மட்டும் போதாது. முட்டை, மீன், கோழி, பருப்பு, கொண்டைக்கடலை, மலையில் விளையும் பட்டர் பீன்ஸ் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிலருக்கு முதலில் ஒன்றிரண்டு வாரம் சத்தேற்றிவிட்டுப் பெரிய அறுவை சிகிச்சை செய்வதே பாதுகாப்பு.

இரத்த சோகையையும் முன்பே பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை. ஆண்களுக்கு 13 கிராம், பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் போனால் இரத்த சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். உயரத்தில் வாழ்பவர்களுக்கு இயல்பாகவே ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆகவே 12-ஐத் தொட்டுவிட்டது என்று நிம்மதி அடையாமல், மலையில் வாழ்கிறோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதை டீயோடு விழுங்காதீர்கள். குளிருக்கு அடிக்கடி டீ குடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. டீ இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர்க்க உதவும்.

மருந்துகளையும் ஒன்று விடாமல் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரைகளில் சில வகைகளை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இன்சுலின் அளவை மாற்ற வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரே சொல்வார். இரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவற்றை அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கச் சொல்வார்கள். யூனானி, சித்த மருந்துகளையும் மறைக்க வேண்டாம். நம் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. குழம்பில் போடுவது சிக்கல் இல்லை. ஆனால் தினமும் பச்சையாக விழுங்குபவர்களும் பூண்டு மாத்திரை எடுப்பவர்களும் சொல்லிவிட வேண்டும். பூண்டு அதிகமானால் இரத்தம் உறைவது தாமதமாகலாம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நான்கு வாரம் முன்பே நிறுத்துவது நுரையீரலுக்கும் காயத்துக்கும் நல்லது. அப்படியே விட்டுவிட்டால் இன்னும் சிறப்பு.

அறுவைக்குப் பிறகு பத்தியம்

"முட்டை சேர்த்தால் புண் சீழ் வைக்கும், மீன் ஆகாது, பருப்பு ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது வழக்கம். அவர்களை மரியாதையோடு அமர வைத்து விளக்குங்கள். சீழ் வைப்பது கிருமியால். புண் ஆறுவது புரதத்தால். பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு ஒரு நாளுக்குள்ளேயே வாய் வழியாக உணவு தொடங்கலாம் என்பது இன்றைய வழிமுறை. வயிறு, குடல் அறுவை சிகிச்சை என்றால் மருத்துவர் சொல்லும் வரிசையில் தண்ணீர், நீராகாரம், மென்மையான உணவு என்று போக வேண்டும். அனுமதித்த பிறகு குழைந்த பருப்புச் சோறு, அவித்த முட்டை, மீன், மலை வாழைப்பழம் என்று சிறிது சிறிதாகப் பல முறை கொடுங்கள். தேனும் பேரீச்சையும் நல்லவைதான். சர்க்கரை நோயாளிக்கு அதற்கும் அளவு உண்டு.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைப்பதுதான் நபியவர்கள் நமக்குக் காட்டிய வழி. அறுவை சிகிச்சையில் அந்தக் கயிறு மருத்துவர் சொன்ன நேரம். அதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நேரத்தைக் கேட்டு எழுதி, நோயாளியின் தலைமாட்டில் ஒட்டிவிட்டு, பிறகு கைகளை ஏந்துவோம்.

நோயுற்றிருக்கும் நம் உறவுகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.